தேடினால் ஏதாவது கிடைக்கும்

2023 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் ஓர் எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். பிரெனுவோ என்ற நிறுவனத்தில் முழு உடல் ஸ்கேன் எடுத்ததாகவும், இது உயிர்காக்கும் எந்திரம் என்றும், தன் நண்பர்கள் சிலரின் உயிரை இது காப்பாற்றியிருக்கிறது என்றும் எழுதினார். அப்போது கட்டணம் 2,499 டாலர். ஒரு மணி நேரம் படுத்திருந்தால் போதும், தலை முதல் கால் வரை படமாகிவிடும். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் இருக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை. புற்றுநோய் வலியாகவோ கட்டியாகவோ தலைகாட்டும் முன்பே பிடித்துவிடலாம் என்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது என்றால், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

அதே ஆண்டு ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள், இந்தப் படங்களைப் படித்து அறிக்கை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட கதிரியக்க மருத்துவர்கள். அறிகுறியோ, ஆபத்துக் காரணிகளோ, குடும்பத்தில் நோய் வரலாறோ இல்லாத ஒருவருக்கு முழு உடல் ஸ்கேனைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவில் அவர்களுடைய பெரிய அமைப்பு அறிக்கை வெளியிட்டது. வருமானம் கூடக்கூடிய ஒரு வேலையை அவர்களே வேண்டாம் என்று சொன்னதால்தான் இதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்திரத்தின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நோயில்லாத ஒருவர் அதற்குள் போய்வருவதால் அவருடைய ஆயுளோ நலமோ கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் எந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் உடம்பின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும், அதாவது ஒரு புரோட்டான், மிகச் சிறிய காந்தம். மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா எந்திரத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அதற்குள் ஓர் உடம்பு போனதும் புரோட்டான்கள், சுற்றும் பம்பரம் தலையை ஆட்டுவதுபோல, நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை தலையாட்டத் தொடங்கும். காந்தப்புலத்தின் திசையில் நிற்பவையும் எதிர்த்திசையில் நிற்பவையும் கிட்டத்தட்டச் சம அளவு. பத்து லட்சத்துக்குச் சில புரோட்டான்கள் மட்டுமே ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். எம்.ஆர்.ஐ. படம் முழுவதும் அந்தச் சிலவற்றிலிருந்துதான் வருகிறது. ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிச் சாய்த்தால், பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை ஒரு மெல்லிய சமிக்ஞையை வெளியிடும். திரும்பப் பிடிக்கும் நேரம் கொழுப்பில் ஒரு மாதிரி, தசையில் ஒரு மாதிரி, நீர் கோத்த இடத்தில் வேறு மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தின் அழுத்தமும் மென்மையும் அந்த வேறுபாட்டிலிருந்து வருபவை.

எலியின் கட்டிகளில் இந்தத் திரும்பும் நேரம் சாதாரணத் திசுக்களைவிட நீளமாக இருப்பதை 1971இல் ரேமண்ட் டமடியன் காட்டினார். சமிக்ஞை உடம்பின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழியை 1973இல் பால் லாட்டர்பர் தந்தார். அதைக் கணிதத்தால் செம்மையாக்கி வேகப்படுத்தியவர் இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு. 1977 ஜூலை 3 அன்று நியூயார்க்கில் டமடியன் குழு தன் சக ஆய்வாளர் ஒருவரின் மார்பை முதன்முதலாக ஸ்கேன் செய்தபோது, ஒரேயொரு குறுக்குவெட்டுப் படத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆனது. 2003இல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமடியன் அநீதி என்று செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். புற்றுநோயைத் தேடுவதற்காகவே இதைத் தொடங்கியவர் அவர் என்பதால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

ஐந்து மணி நேரம் ஒரு படம் என்ற நிலையிலிருந்து ஒரு மணி நேரத்தில் முழு உடம்பு என்ற நிலைக்கு வந்ததில் பல கண்டுபிடிப்புகளுக்குப் பங்கு உண்டு. நம் கதைக்கு முக்கியமானது ஒன்று. தண்ணீர் மூலக்கூறுகள் எப்போதும் அலைந்துகொண்டே இருப்பவை. செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அவற்றால் அதிகம் அலைய முடியாது. புற்றுக்கட்டிகளில் பெரும்பாலும் செல்கள் அப்படித்தான் நெருங்கி இருக்கும். இந்த அலைச்சலை அளந்து, நெருக்கமான இடங்களை மட்டும் பளிச்சென்று காட்டி, மற்றதையெல்லாம் மங்கவைக்கும் முறையை முழு உடம்புக்கும், நோயாளி இயல்பாக மூச்சுவிடும்போதே எடுக்கும்படி, 2004இல் ஜப்பானின் தகஹாராவும் குழுவினரும் வெளியிட்டார்கள். முழு உடல் ஸ்கேன் இன்று ஒரு வணிகமாக நடப்பதற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. செல்கள் நெருங்கி நிற்பது புற்றுநோயில் மட்டுமா? ஆரோக்கியமான மண்ணீரல் பளிச்சென்று தெரியும். எந்த நோயும் இல்லாத நிணநீர்க் கணுக்கள் தெரியும். சீழ் கோத்த கட்டியும் தெரியும். எந்திரம் காட்டுவது நீரின் நடமாட்டத்தை. அதற்கு நோயின் பெயரைச் சூட்டுவது படத்தைப் படிக்கும் மனிதர்.

ஸ்கேன் அறையில் நடப்பது எளிது. மோதிரம், சங்கிலி, ஹேர்பின், பாக்கெட்டில் இருக்கும் சாவி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். மேசையில் படுக்கவைத்து, மார்பின் மேலும் வயிற்றின் மேலும் சமிக்ஞையைப் பிடிக்கும் காயில்களை வரிசையாகப் பொருத்தி, காதை அடைக்கப் பஞ்சோ ஹெட்ஃபோனோ கொடுத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணிப்பார்கள். பயமாக இருந்தால் அதை அமுக்க வேண்டும். மேசை உள்ளே நகரும். பிறகு தடதட, கிர்கிர் என்று நூறு டெசிபலைத் தாண்டும் சத்தம். காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் சுருள்களில் மின்சாரம் நொடிக்குப் பல நூறு முறை மாறும்போது, சுற்றியுள்ள பெருங்காந்தத்தின் விசையில் அந்தச் சுருள்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் சத்தம். கல்லீரல் பகுதி வரும்போது, மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று ஒலிபெருக்கியில் குரல் கேட்கும். அவ்வளவுதான். ஊசி இல்லை, வலி இல்லை.

அறிக்கை சில நாளில் வரும். நாற்பத்தைந்து வயதான, ஒரு குறையும் இல்லாத ஒருவரை வைத்துக்கொள்வோம். இடது சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்று இருக்கும். கல்லீரலில் இரத்தநாளக் கட்டி இருக்கலாம் என்று இருக்கும். கழுத்து முதுகெலும்பில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. அட்ரினல் சுரப்பியில் ஒரு சென்டிமீட்டர் முடிச்சு, தன்மை உறுதியாகத் தெரியவில்லை, மேற்கொண்டு பரிசோதிக்கவும் என்று ஒரு வரி. கடைசி வரிதான் அன்று இரவு தூக்கத்தைப் பறிக்கும்.

இதில் எதுவும் அரிதில்லை. முதுகுவலியே இல்லாத 98 பேரை 1994இல் அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 45 வயதைத் தாண்டிய 2,000 பேரின் மூளையை எடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. 7.2 விழுக்காட்டினருக்கு, அவர்களே அறியாமல், இரத்தம் போகாமல் செத்த மூளைத் திட்டு இருந்தது. 1.8 விழுக்காட்டினருக்கு மூளை நாளத்தில் புடைப்பு. 1.6 விழுக்காட்டினருக்குப் புற்றல்லாத கட்டி. இவர்கள் எல்லோரும் நலமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

மூளை நாளப் புடைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அது வெடித்தால் மூளையில் இரத்தக்கசிவு, பலருக்கு மரணம். ஆனால் சிறிய புடைப்புகளில் பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. அவற்றோடு வாழ்ந்து வேறு காரணத்தால் இறப்பவர்களே அதிகம். கபாலத்தைத் திறந்து கிளிப் போடுவதிலோ, தொடை நாளம் வழியாகப் போய்ப் புடைப்புக்குள் கம்பிச்சுருளை அடைப்பதிலோ பக்கவாதமும் மரணமும் நேரும் வாய்ப்பு உண்டு. நான்கு மில்லிமீட்டர் புடைப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்ட ஐம்பது வயதுக்காரர் என்ன செய்வார்? அறுவை சிகிச்சைக்குப் போனாலும் ஆபத்து. போகாமல் இருந்தால் ஒவ்வொரு தலைவலியும் பயம். ஸ்கேனுக்கு முந்தைய நாள்வரை அவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அந்தத் தகவல் அவருக்குக் கொடுத்தது என்ன என்று நேர்மையாகக் கேட்டால், பலருக்குப் பதில் அச்சம் மட்டுமே.

எத்தனை பேருக்கு இப்படி ஏதாவது கிடைக்கும்? நோயறிகுறி இல்லாத 5,373 பேரின் முழு உடல் எம்.ஆர்.ஐ. முடிவுகளை 12 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, கவலைக்குரியது அல்லது தெளிவில்லாதது என்று குறிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூவரில் ஒருவர். பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் திட்டம் இன்னும் கூர்மையான ஒரு சோதனை செய்தது. 1,000 பேரின் படங்களைக் கதிரியக்க மருத்துவர்கள் ஒன்றுவிடாமல் படித்தபோது 179 பேருக்கு ஆபத்தானதாக இருக்கக்கூடிய ஒன்றைக் கண்டார்கள். அவர்களில் பலர் மேற்கொண்டு பரிசோதனைக்குப் போனார்கள். கடைசியில் உண்மையிலேயே கடுமையான நோய் இருந்தவர்கள் 21 பேர். மற்ற 158 பேருக்குக் கடுமையாக ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைத் தெரிந்துகொள்ள அவர்கள் போக வேண்டியிருந்த மருத்துவமனைகள், கொடுத்த இரத்தம், காத்திருந்த வாரங்கள் எதுவும் ஸ்கேன் விளம்பரத்தில் வராது. கதிர்வீச்சு இல்லை என்பது ஸ்கேனுக்கு மட்டும் பொருந்தும். அதைத் தொடர்ந்து எடுக்கச் சொல்லும் சி.டி.க்குக் கதிர்வீச்சு உண்டு. பயாப்சி ஊசி நுரையீரலைத் துளைத்துக் காற்று கசியவைப்பதும் உண்டு.

அந்த 21 பேர்? அவர்களுக்காகவாவது இது தகும் இல்லையா? இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனில் சிறுநீரகக் கட்டி தெரிந்து, அறுவை சிகிச்சை செய்து, இன்று நலமாக இருப்பவர் தன் உயிரை ஸ்கேன் காப்பாற்றியது என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது உண்மையா என்பதை அவரும் அறிய முடியாது, அவருடைய மருத்துவரும் அறிய முடியாது. அகற்றப்படும் சிறிய சிறுநீரகக் கட்டிகளில் ஐந்தில் ஒன்று புற்றே அல்ல. புற்றானவற்றிலும் சில பல ஆண்டுகள் அசையாமல் கிடப்பவை. இதைத் தனி மனிதரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நாடே சோதனைக்களமானபோது தெரிந்தது.

அந்த நாடு தென்கொரியா. 1999இல் அரசு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் மருத்துவமனைகள், 30 முதல் 50 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கழுத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம் என்றன. வலியில்லை, கதிர்வீச்சில்லை, விலையும் குறைவு. மக்கள் பார்த்தார்கள். 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டோர் விகிதம் 15 மடங்கானது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல். கொரியாவின் மிகப் பரவலான புற்றுநோயாகவே தைராய்டு மாறியது. இறந்தவர்கள் எண்ணிக்கை மட்டும் ஆண்டுக்கு 400க்குள் அப்படியே நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நோய் உண்மையில் 15 மடங்கு பெருகியிருந்தால் சாவும் கூடியிருக்க வேண்டும். முன்கூட்டிக் கண்டுபிடித்தது உயிர் காத்திருந்தால் சாவு குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், கண்டுபிடிக்கப்பட்ட பல்லாயிரம் புற்றுகள் யாரையும் கொல்லப் போகாதவை. பின்லாந்தில் 1985இல் வெளியான ஓர் ஆய்வில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது 36 பேருக்கு அதில் சின்னப் புற்று இருந்தது. நம்மில் பலர் அப்படியொன்றைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறோம். கொரியாவில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள், பார்த்ததை வெட்டி எடுத்தார்கள். பெரும்பாலோருக்குச் சுரப்பி முழுவதும் போனது. வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை. காப்பீட்டுப் பதிவுகளின்படி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 11 விழுக்காட்டினருக்குப் பாராதைராய்டு குறைபாடு, 2 விழுக்காட்டினருக்குக் குரல்நாண் செயலிழப்பு. இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று 2014இல் கொரிய மருத்துவர்கள் சிலரே வெளிப்படையாக எழுதினார்கள். அடுத்த ஓராண்டில் தைராய்டு அறுவை சிகிச்சைகள் 35 விழுக்காடு குறைந்தன.

இதில் இன்னொரு ஏமாற்றும் கணக்கு இருக்கிறது. முன்கூட்டியே கண்டால் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் கூடும் என்று ஸ்கேன் மையங்கள் சொல்லும். ஒருவர் 65 வயதில் ஒரு புற்றுநோயால் இறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 62 வயதில் வலி வந்து கண்டுபிடித்தால் அவர் மூன்றாண்டு பிழைத்தவர். 57 வயதில் ஸ்கேனில் கண்டுபிடித்தால் எட்டாண்டு பிழைத்தவர். இறந்தது இரண்டு கணக்கிலும் 65இல்தான். நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் கூடியது. தவிர, மெதுவாக வளரும் கட்டி பல ஆண்டுகள் உடம்பில் இருப்பதால் ஸ்கேனில் எளிதாக மாட்டும். வேகமாகக் கொல்லும் கட்டி இரண்டு ஸ்கேன்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் முளைத்துப் பரவிவிடும். ஸ்கேனில் கிடைத்த புற்றுகள் எல்லாம் நல்லபடியாக முடிவதுபோலத் தோன்ற இதுவே போதும்.

ஜப்பான் இதைக் குழந்தைகளிடம் கற்றது. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோய்க்காக 1985 முதல் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரை நாடு முழுவதும் பரிசோதித்தார்கள். ஏராளமாகக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பல தானாகவே கரைந்துபோயிருக்கக் கூடியவை. கனடாவிலும் ஜெர்மனியிலும் பரிசோதித்த குழந்தைகளையும் பரிசோதிக்காத குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் 2002இல் வெளிவந்தன. இறப்பு குறையவில்லை. தேவையற்ற அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்ற குழந்தைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்தியது.

ஆகவே, ஒரு பரிசோதனை உயிர் காக்கிறதா என்று அறிய ஒரே வழி இரண்டு குழுக்களை வைத்து இறப்பை எண்ணுவது. அப்படி எண்ணி வென்ற பரிசோதனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. 2000இல் தொடங்கி, 114 கிராமப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களுக்குப் பரிசோதனைக்கு அழைப்பு. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருப்பதை, பஞ்சில் தொட்டு வைப்பார். ஒரு நிமிடம் காத்திருப்பார். மாறத் தொடங்கிய திசு வெளுத்துத் தெரியும். அந்த இடத்தைக் குளிரூட்டி உறையவைத்துப் பெரும்பாலும் அவரே சிகிச்சையும் முடித்துவிடலாம். ஏழாண்டுக்குப் பிறகு 2007இல் கணக்கு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவு, அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைவு. பல கோடி ரூபாய் எந்திரம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. தேடும் நோய் எது, அது எப்படி வளரும், கண்டவுடன் என்ன செய்வது என்ற மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருந்தன. முழு உடல் எம்.ஆர்.ஐ.யில் இந்த மூன்றும் தெளிவில்லை. இத்தனை ஆயிரம் பேர் பணம் கட்டிப் படுத்தெழுந்த பிறகும், அவர்களோடு ஒப்பிட ஸ்கேன் எடுக்காத இணைக்குழு இல்லை.

அதே எந்திரம் உயிர் காக்கும் இடமும் உண்டு. டிபி53 என்ற மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ளவர்களுக்கு (இந்த நிலைக்கு லி ஃப்ராமெனி நோய்த்தொகுதி என்று பெயர்) சிறுவயது முதலே எலும்பு, மூளை, மார்பகம், அட்ரினல் என்று எங்கு வேண்டுமானாலும் புற்றுநோய் வரலாம். டொரண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் டேவிட் மால்கினும் குழுவினரும் இவர்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ.யோடு இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் எல்லாம் சேர்ந்த ஒரு கண்காணிப்பு முறையை வகுத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, கண்காணிப்பில் இருந்தவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் 88.8 விழுக்காடு. கண்காணிப்பில் சேராதவர்களில் 59.6 விழுக்காடு. ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் பற்றி முன்பு சொன்ன கணக்குப் பிழை இதிலும் கொஞ்சம் கலந்திருக்கலாம். குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களும் அல்ல. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அது ஒன்றால் மட்டும் விளக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன். நூறு பேரை எடுத்தால் ஒருவருக்கோ இருவருக்கோ நோய் இருக்கும் கூட்டத்தில் பளிச்சென்று தெரியும் புள்ளி பெரும்பாலும் பொய். பலருக்கு நோய் வரவிருக்கும் கூட்டத்தில் அதே புள்ளியை நம்பலாம். மைலோமா என்ற எலும்புமச்சைப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தவர்களுக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பணம் கட்டப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இந்த ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நிம்மதிக்கு ஆதாரமில்லை. குடலில் முளைக்கும் சின்னப் பாலிப் இதில் தெரியாது. நுரையீரல் காற்றால் நிறைந்தது, ஹைட்ரஜன் குறைவு, அங்கே சின்ன முடிச்சுகள் தவறிப்போகும். இதயத் தமனி அடைப்பு தெரியாது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் படத்தில் விழாது. நம் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்களை அதிகம் வீழ்த்துபவை இவைதான். மார்பகம், கருப்பைவாய், குடல் ஆகியவற்றுக்கென்று தனித்தனியாக நிரூபிக்கப்பட்ட பரிசோதனைகளைத் தள்ளிப்போட முழு உடல் ஸ்கேன் ஒரு சாக்காகிவிடக் கூடாது. தாய்க்கும் அக்காவுக்கும் சின்ன வயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால், ஸ்கேன் மையத்துக்குப் போகும் முன் மரபணு ஆலோசகரிடம் போவதுதான் முறை. எதை, எந்த வயதிலிருந்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தேட வேண்டும் என்பது அங்கே முடிவாகும்.

ஏற்கனவே எடுத்து, மேற்கொண்டு பரிசோதிக்கவும் என்ற வரியோடு அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை நெட்டில் தட்டித் தேட வேண்டாம். உங்களை நெடுநாளாகப் பார்த்துவரும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பழைய ஸ்கேன் ஏதாவது இருந்தால் அதன் படங்களையும் கொண்டுபோங்கள். நான்கு ஆண்டுக்கு முன் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த வயிற்று சி.டி.யில் அதே முடிச்சு அதே அளவில் இருந்தால் பாதிக் கவலை அங்கேயே தீரும். இது என்னவாக இருக்க வாய்ப்பு அதிகம், இன்றே ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டுமா, ஆறு மாதம் காத்திருந்தால் என்ன இழப்பு என்று கேளுங்கள். காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியத்தால் சொல்வதில்லை. அட்ரினல் முடிச்சானாலும் சிறுநீரகக் கட்டியானாலும், நாள்போக்கில் வளர்கிறதா இல்லையா என்பது எந்த ஒற்றைப் படத்தையும்விட அதிகம் சொல்லும். ஆறு மாதம் கழித்து அந்த ஓர் உறுப்பை மட்டும் எடுக்கும் படத்தில் அளவு மாறாமல் இருந்தால், பெரும்பாலானவற்றில் அதற்கு மேல் செய்ய அதிகம் இருக்காது.